முதல் சைக்கிளைப் பெட்டியில் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது வயதைக் கடந்த பிறகு சைக்கிள் ஓட்டப் பழகுவோருக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்று சில வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியாகியிருந்தது. உடற்பயிற்சியின் பலன்களையும் சாலையில் காட்ட வேண்டிய கவனத்தையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, சைக்கிளை எங்கே வாங்குவது என்ற இடத்துக்கு வந்ததும், இணையத்தில் விலை குறைவு, வீட்டு வாசலுக்கே வந்துவிடும், ஆகவே கடை கடையாக அலைய வேண்டியதில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. கட்டுரை வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே அந்த யோசனையை நானாகவே செயல்படுத்திப் பார்த்துவிட்டவள் என்பதால், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் சற்று நீளமாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

எனக்கு 46 வயது. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம். இப்போது குடியிருப்பது புதுக்கோட்டை நகரில். சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன மருத்துவர், குதிகால் வலியால் என்னால் நடக்க முடியவில்லை என்று தெரிந்ததும், சைக்கிள் ஓட்டிப் பாருங்களேன் என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்றேன். புதுக்கோட்டைக்காரியா இப்படிச் சொல்வது என்று அவர் சிரித்தார். அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுக்கப்பட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். சைக்கிள் வாங்குவதற்குப் பெண்களுக்கு வங்கிக் கடன்கூடக் கிடைத்தது. அப்படிக் கற்றுக்கொண்ட பல்லாயிரம் பெண்களில் என் தாயாரும் ஒருவர். நானோ அவர் ஓட்டிய வண்டியின் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்குப் போனவள். கேரியரிலிருந்து சீட்டுக்கு மாறும் வயது வருவதற்குள் திருச்சியில் விடுதிப் படிப்பு, அப்புறம் பேருந்து, அப்புறம் ஆட்டோ என்று காலம் போய்விட்டது.

உள்ளூர்க் கடையை நான் முதலிலேயே ஒதுக்கிவிடவில்லை. இரண்டு கடைகளுக்குப் போனேன். முதல் கடையில், "பையனுக்காம்மா, பொண்ணுக்காம்மா?" என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்றதும், கடையில் இருந்த இளைஞர் உள்ளே இருந்த முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி என்னோடு வந்திருந்த என் கணவரிடம் விலை சொல்லத் தொடங்கினார். எந்த வண்டியிலும் விலைச்சீட்டு இல்லை. ஏறி உட்கார்ந்து பார்க்கலாமா என்றதற்கு, சீட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கிழிந்துவிடும் என்று பதில் வந்தது. இரண்டாவது கடையில் உட்காரவிட்டார்கள், ஆனால் பில் கேட்டபோது, பில் போட்டால் விலை கூடும் என்றார்கள். அன்று இரவே கைப்பேசியில் தேடத் தொடங்கினேன் என்றால், அதற்கு விலைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கே யாரும் இந்த வயதில் எதற்கு என்ற பார்வையோடு என்னைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இணையப் பக்கத்தில், குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்றின் விலை 7,299 ரூபாய் என்று இருந்தது. ஏறத்தாழ அதே அமைப்புள்ள வண்டிக்கு இரண்டாவது கடையில் சொன்ன விலை 8,400 ரூபாய். படத்தின் கீழே 26 அங்குலம் என்று ஒரு எண்ணும் 18 அங்குலம் என்று இன்னொரு எண்ணும் இருந்தன. ஐந்தடிக்கு மேல் உயரம் உள்ளவர்களுக்கு 26 பொருந்தும் என்ற குறிப்பும் இருந்தது. நான் ஐந்தடி ஓரங்குலம். போதும் என்று நினைத்தேன். முன்கூட்டியே 85 விழுக்காடு பொருத்தப்பட்டது என்ற வரியும் எனக்கு நம்பிக்கையைத்தான் தந்தது, ஏனென்றால் மீதியுள்ள 15 விழுக்காட்டில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த 15 விழுக்காட்டில் இருப்பவை முன்சக்கரம், முன் பிரேக், ஹேண்டில்பார், சீட், இரண்டு பெடல்கள். அதாவது ஓட்டுபவரின் கையும் காலும் உடம்பும் வண்டியைத் தொடும் எல்லா இடங்களும், வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும், அந்தப் பதினைந்துக்குள் அடங்கிவிடுகின்றன. தொழிற்சாலை முடித்து அனுப்புவது, புதியவர் ஒருவர் தொட்டுக் கெடுக்க முடியாத பகுதியை. அவர் தொட்டால் கெடக்கூடிய பகுதியை அவரிடமே விட்டுவிடுகிறது. பெட்டிக்குள் ஒரு சிறிய ஸ்பேனரும் இரண்டு அல்லன் சாவிகளும் நான்கு படங்கள் கொண்ட ஒரு தாளும் இருந்தன.

பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அதைப் பொருத்தினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவன் செய்த இரண்டு பிழைகளும், பெட்டியில் வரும் சைக்கிள்களைப் பொருத்தும் எவரும் வழக்கமாகச் செய்யும் பிழைகள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முதலாவது பெடல். வலப்புறப் பெடல் மற்ற எல்லாத் திருகுகளையும் போல வலமாக முறுக்கினால் இறுகும். இடப்புறப் பெடலுக்கு மரை தலைகீழ், அதை இடமாகத்தான் முறுக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று ஆங்கில எழுத்துகள் மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும், பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே அது படும். அவன் மாற்றிப் பிடித்து, ஏறவில்லை என்று பலமாக முறுக்கியதில், இடது கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் தண்டின், மரை மழுங்கிப் போயிற்று.

இரண்டாவது பிழை இதைவிட மோசமானது. பெட்டியில் இடம் மிச்சப்படுத்துவதற்காக, முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து அனுப்புகிறார்கள். அதை முன்பக்கம் திருப்பாமலே அவன் ஹேண்டில்பாரை மாட்டிவிட்டான். பார்வைக்கு அது சைக்கிளைப் போலத்தான் இருந்தது. உருட்டிக்கொண்டு போய்த் திருப்பும்போது முன் மட்கார்டு என் கால்விரலில் இடித்தது. முன் பிரேக் முன்னால் இருக்காமல் ஃபோர்க்குக்குப் பின்னால், வண்டியின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சைக்கிள் ஓட்டத் தெரியாதவளுக்கு, திரும்பும்போது காலில் இடிக்கும் வண்டி கோளாறான வண்டி என்று எப்படித் தெரியும்? பழக்கம் இல்லாததால் இடிக்கிறது என்றே எண்ணினேன். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த ஒருவர் இணையத்தில் வாங்குவதற்கும் புதிதாகப் பழக இருப்பவர் வாங்குவதற்கும் இடையில் உள்ள வேறுபாடு இதுதான்: தன் கையில் இருப்பது பழுது என்று புதியவருக்குத் தெரியாது, தன்னிடம்தான் பழுது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இடது பெடல் கழன்று விழுந்ததால் வண்டியைத் தள்ளிக்கொண்டு பழுது பார்க்கப் போனேன். நான் முதலில் போன கடையில், எங்கே வாங்கினீர்களோ அங்கேயே கொண்டு போங்கள் என்றார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபத்தால் அவர்களுக்கு ஒரு ரூபாய் வரும்படியும் கிடையாது என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், முன்பு வாடகைச் சைக்கிள் நடத்திக் கொண்டிருந்து இப்போது பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொண்ட பெரியவர் ஒருவர்தான் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசாமல் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு விரலால் சுழற்றிவிட்டு, ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்கு அருகில் அசையாமல் பிடித்தார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது ரிம்மின் ஒரு பகுதியில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. "கோட்டம் இருக்கும்மா. லாரியில மத்த பெட்டிங்களுக்கு அடியில படுத்து வந்திருக்கு" என்றார். பிறகு ஃபோர்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல எத்தனை நாள் ஓட்டுனீங்க?" என்று கேட்டார். ஓட்டவே இல்லை, உருட்டினேன் என்றேன். "தப்பிச்சீங்க" என்றார்.

அவர் அன்று இரண்டு மணி நேரம் வேலை பார்த்தார். ஃபோர்க்கைத் திருப்பினார், கம்பிகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுத்தார், பிரேக் கட்டைகள் டயரை உரசாமல் ரிம்மை மட்டும் பிடிக்கும்படி வைத்தார், ஹேண்டில் தண்டை அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாத அளவுக்கு உள்ளே இறக்கினார். எல்லைக்கோடு தெரியும்படி உயர்த்தி வைத்தால், பள்ளத்தில் விழும்போது ஹேண்டில் கையோடு வந்துவிடும் என்பதையும் அவரே சொன்னார். எங்கள் வீட்டில் அந்தக் கோடு இரண்டு விரற்கடை வெளியே தெரிந்தது.

இனி கணக்கு. புது இடது கிராங்க் 280 ரூபாய், முழுப் பொருத்தமும் கோட்டமும் சேர்த்துக் கூலி 450, பெட்டியில் இல்லாத கேரியர் 350, பெல் 60. மொத்தம் 1,140 ரூபாய். கடை விலைக்கும் இணைய விலைக்கும் இருந்த வேறுபாடு 1,101 ரூபாய். கடையில் அந்த 8,400 ரூபாய்க்குக் கேரியரும் பெல்லும் சேர்த்தே மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மலிவு என்று வாங்கியதில் 39 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒரு கால்விரல் நகத்தையும் கணக்கில் சேர்க்காமல். கிராங்கை எங்கள் தவறு என்று தள்ளிவிட்டாலும் மீதிச் செலவு எப்படியும் வந்திருக்கும்.

பணத்தைவிட முக்கியமானது அளவு. தங்கள் கட்டுரையோடு வந்த அட்டவணையிலும் உயரத்துக்கு நேரே 24, 26, 28 என்ற எண்களே தரப்பட்டிருந்தன. அவை சக்கரத்தின் அளவுகள். ஒருவர் உடம்புக்குப் பொருந்த வேண்டியது சட்டத்தின் (ஃபிரேமின்) அளவு, அதாவது சீட் செருகப்படும் குழாயின் நீளம். என் வண்டியில் 18 என்று போட்டிருந்த எண் அதுதான். ஒரே 26 அங்குலச் சக்கரத்தோடு 16 அங்குலச் சட்டமும் வரும், 19 அங்குலச் சட்டமும் வரும். அதற்கு மேல் ஒரு நுட்பமும் உண்டு, அதைப் பெரியவர்தான் எனக்கு விளக்கினார். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குச் சீட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்றால், பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி, வலி வராமல் இருக்கும். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் நின்ற வண்டியில் பாதம் தரையில் படியாது, நுனிவிரல்தான் எட்டும். ஆனால் பழகுபவருக்கோ இரண்டு பாதங்களும் தரையில் தட்டையாகப் படிய வேண்டும், இல்லாவிட்டால் பயம் போகாது. எனக்கு வந்த வண்டியின் சீட்டைக் கடைசிவரை இறக்கினாலும் விரல் நுனிதான் தொட்டது. அந்த வண்டி தவறான அளவு அல்ல. மூன்று மாதம் கழித்து நான் ஆகப்போகிறவளுக்குச் சரியான அளவு, அன்று நான் இருந்த நிலைக்கு உதவாத அளவு. உயரத்தைக் கேட்டு ஒரு எண்ணைச் சொல்லும் எந்த அட்டவணையும் இதைச் சொல்லாது.

பெரியவர் இதற்குச் செய்த வழி, எந்த இணையக் கடையாலும் செய்ய முடியாதது. வாடகைக்கு விட்ட காலத்து முக்கால் வண்டி, அதாவது முழு அளவைவிடச் சிறிய சைக்கிள், ஒன்று அவரிடம் மூலையில் கிடந்தது. அதன் இரண்டு பெடல்களையும் கழற்றி, சீட்டை அடிவரை இறக்கி, நாளுக்கு 20 ரூபாய்க்கு எனக்குக் கொடுத்தார். பெடல் இல்லாத அந்த வண்டியில் உட்கார்ந்து காலால் தரையை உந்தி உந்தி, புதுக்குளத்துக் கரையில் காலை ஐந்தரை மணிக்கு, நடைப்பயிற்சிக்கு வந்தவர்களின் புன்னகைகளுக்கு நடுவே பன்னிரண்டு நாள் போனேன். கால் தூக்கியபடி பத்தடி, இருபதடி என்று வண்டி தானாக ஓடத் தொடங்கிய பிறகு பெடலை மாட்டித் தந்தார். யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவராமலே கற்றுக்கொண்டேன். அதன் பிறகுதான் என் சொந்த வண்டியில் ஏறினேன். சீட் தாழ்ந்திருந்த நிலையில் சில வாரம்; முழங்கால் வலிக்கிறது என்று போய்ச் சொன்னபோது ஒரு விரற்கடை உயர்த்தினார்; இன்னொரு மாதம் கழித்து இன்னொரு விரற்கடை. ஒவ்வொரு முறையும் சீட் கம்பியில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வைத்தார். கழுவுவதற்காக யாராவது சீட்டைக் கழற்றினாலும் பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும் என்பதற்காக. இப்போது என் சீட் கம்பியில் மூன்று கோடுகள் இருக்கின்றன.

வாங்கிய பிறகு வரும் வேலையைப் பற்றியும் அக்கட்டுரை பேசவில்லை. புது வண்டியின் பிரேக் கேபிள்கள் முதல் சில வாரங்களில் சற்று இளகும். சக்கரக் கம்பிகள் தம் இடத்தில் அமர்ந்து தளரும். கிராங்கின் பிடிப்பும் ஹேண்டிலின் பிடிப்பும் ஒரு முறை மறுபடி இறுக்கப்பட வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்த வண்டிக்கும் இது பொதுவானது. பள்ளியில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பெற்ற பிள்ளைகளும் அதே பெரியவரிடம் வந்து வண்டியை முறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கியவருக்கு ஒரு மாதம் கழித்து நடக்கும் முதல் சர்வீஸ் இதற்காகத்தான், பெரும்பாலும் இலவசம். பெட்டியில் வாங்கியவருக்கு இப்படி ஒன்று தேவை என்றே யாரும் சொல்வதில்லை.

டயர், டியூப் விஷயத்தில் இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு டயர்கள் விற்கப்படுகின்றன. ஒன்று லேடீஸ் சைக்கிள்களில் வரும் ஒல்லி டயர். மற்றது மலைச்சைக்கிள் எனப்படும் தடித்த டயர் வண்டியில் வருவது. ரிம்மில் டயர் உட்காரும் விட்டத்தை மில்லிமீட்டரில் சொன்னால் முன்னது 590, பின்னது 559. ஓரங்குலத்துக்கும் மேலான வேறுபாடு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அந்த எண் பெரும்பாலான டயர்களின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் என்றாலும், இணையப் பக்கங்கள் பெரும்பாலும் 26 என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. வால்வும் அப்படியே. சாதாரண வால்டியூப் வண்டிக்கு எந்தத் தெருமுனைக் கடையிலும் காற்று அடிக்கலாம். கார் டயருக்கு உள்ளதைப் போன்ற வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம். ஆனால் விலை கூடிய வண்டிகளில் வரும் பென்சில் போன்ற ஒல்லி வால்வுக்கு, அதற்கென்று ஒரு சிறு மாற்றுத் திருகு கையில் இல்லாவிட்டால், ஊரில் எங்கு போனாலும் வெறும் தலையாட்டல்தான் கிடைக்கும். லூதியானாவிலிருந்து வந்த ஹீரோவும் அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலஸும் நம் கிராமங்களில் தலைமுறைகளாக ஓடியதற்குக் காரணம் அவற்றின் உறுதி மட்டும் அல்ல. ஒன்றின் உதிரி பாகம் மற்றதற்குப் பொருந்தும், அது எந்தப் பட்டியின் எந்தச் சைக்கிள் கடையிலும் தொங்கும் என்பதும்தான்.

கியரையும் முன்னால் இருக்கும் ஷாக் அப்சார்பரையும் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரைப் போன்ற சமதளத்தில் ராஜ வீதிகளைச் சுற்றி வருவதற்கு 21 கியர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. குறைந்த விலை வண்டியில் வரும் ஷாக் அப்சார்பர் எடையைத்தான் கூட்டும். இந்த ஆசையைத் தூண்டுவதில் இணையமும் கடையும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

நியாயமாகச் சொன்னால், இணையத்தில் வாங்கியவருக்குச் சட்டம் நல்ல பாதுகாப்பு தந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும்; புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணமும் இல்லை. நானும் கோட்டமான சக்கரத்துக்காகப் புகார் செய்தேன். மறுநாளே ஒப்புகை வந்தது. மூன்று வாரம் கழித்து, பொருத்தப்பட்டுவிட்ட சைக்கிளைத் திரும்பப் பெற இயலாது என்ற விளக்கமும், அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்ள 300 ரூபாய்க்கான கூப்பனும் வந்தன. பொருத்தாமல் கோட்டம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று திருப்பி எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. ஆணையத்துக்குப் போகலாம்தான். ஆனால் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுக்கொண்டு ஒரு ரிம்மின் கோட்டத்துக்காக வழக்கு நடத்தும் அளவுக்கு என்னிடம் பொறுமை இல்லை, பெரும்பாலானோரிடமும் இருக்காது.

இவ்வளவும் எழுதுவதால், உள்ளூர் வியாபாரியை வாழவைக்க வேண்டும் என்ற கோஷத்தோடு எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் பில் போட்டால் விலை கூடும் என்று சொல்லும் கடையில், அந்தக் குறைப்பு வாங்குபவருக்கு வந்து சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது. வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பொறித்திருக்கும் எண் ஒன்றுதான் அடையாளம். அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தராத கடையில் வாங்கிய வண்டி திருடுபோனால், காவல் நிலையத்தில் அது நம்முடையது என்று காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் இணையக் கடை மேல். பில் கேட்காமலே வந்துவிடுகிறது. வாங்க வருபவர் பெண்ணாகவோ வயதானவராகவோ இருந்தால், அவரை உட்கார வைத்து, சீட்டை இறக்கிக் காட்டி, தெருவில் பத்தடி உருட்டிப் பார்க்கவிடுவதற்கு ஒரு கிழிந்த பிளாஸ்டிக் உறையைத் தவிர வேறென்ன செலவு? என் தாயார் தம் முதல் சைக்கிளை வாங்கியபோது, அப்போதிருந்த கடைக்காரர் மூன்று வண்டிகளில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைக் கொடுத்தாராம். லேடீஸ் சைக்கிள்களுக்கே தட்டுப்பாடு வந்து, பெண்கள் பார் வைத்த வண்டிகளையும் வாங்கிய காலம் அது. அந்தத் தொழில்முறை இந்த ஊருக்குத் தெரியாதது அல்ல.

பெட்டியில் வந்த வண்டியை உள்ளூர்க் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக, இணையத்தில் வாங்கிய சைக்கிள் இங்கே பொருத்தித் தரப்படும் என்று கூலியோடு ஒரு பலகை எழுதி மாட்டினால், அந்த 450 ரூபாய் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போகாமல் அவர்கள் கல்லாவுக்கே போயிருக்கும். அருகில் கடையே இல்லாத ஊரில் இருப்பவர்கள், மிகக் குள்ளமானவர்கள், மிக உயரமானவர்கள், கடைகள் இருப்பு வைக்காத அளவு தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு இணையத்தைவிட்டால் வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பெட்டியைப் பிரிக்காமலே பழுது பார்ப்பவரிடம் கொண்டு போய், அவர் கண்முன் பிரித்து, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால், என்னைப் போலக் கூப்பனோடு நிற்க வேண்டியிருக்காது. பூட்டு, விளக்கு, கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் பெட்டி ஆகியவற்றை நானே இப்போதும் இணையத்தில்தான் வாங்குகிறேன். கடையைவிட வகை அதிகம், பொருத்தும் வேலையும் இல்லை. இரண்டாவது சைக்கிள் என்று ஒன்று வாங்க நேர்ந்தால், என் அளவும் தேவையும் எனக்குத் தெரியும் என்பதால், அதையும் அங்கே வாங்கத் தயங்க மாட்டேன். முதல் சைக்கிளை மட்டும், பழுதானால் தள்ளிக்கொண்டே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் உள்ள கடையில் வாங்குங்கள் என்றே என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இதுவரை இருவர் கேட்டிருக்கிறார்கள், இருவரும் பெண்கள்.

கட்டுரையின் அந்த ஒரு வரியை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அட்டவணையில் தரப்பட்டுள்ள 24, 26, 28 ஆகியவை சக்கர அளவுகளே, சட்ட அளவுகள் அல்ல என்பதையும், பழகும் காலத்தில் சீட்டில் உட்கார்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும் என்பதையும், அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தக் குறிப்பாக வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
புதுக்கோட்டை.